ஏணிக்காரங்க கேட்ட குரல்

அண்ணாச்சி, அந்தப் பைய மடியில வச்சுக்கிடுங்க, நான் இங்கன உக்காந்துக்கிடுதேன். முன்னால எடம் கெடக்கு, தெரியும். ஆனா எனக்குக் கடைசி சீட்டுதான் வேணும். ஏன்னு கேக்காதீங்க. கேட்டா சொல்லிப்புடுவேன்.

கேக்கவே மாட்டீங்களா? சரி, நானே சொல்லுதேன்.

டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டு. பச்சைச் சுடிதார், ரெட்டைச் சடை. பாக்காதீங்க! ஒரேயடியா எக்கிப் பாத்தா எப்படி? சன்னலப் பாக்குத மாதிரிப் பாக்கணும். ஆங், அப்படி. அவதான் இசக்கி. இசக்கியம்மாள். எங்க காலேஜ்ல மெக்கானிக்கல் முதல் வருஷம். அந்தக் கிளாஸ்ல அவ ஒருத்திதான் பொண்ணு. நானும் முதல் வருஷந்தான், சிவில். நான் இந்த பஸ்ல இருக்கது அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா குதிச்சிருவா.

ஐயய்ய, மூஞ்சிய ஏன் அப்படி வைக்கீங்க? லவ்வும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. நான் அவளுக்கு உதவி செய்யப் போறேன். அவளுக்குத் தெரியாத உதவி. அவதான் எங்கூடப் பேசுதது இல்லியே. நான் அவளுக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன் தெரியுமா? முழுசாக் கேட்டா நீங்களே ஞாயம் சொல்லுவீங்க. உங்க மூஞ்சியப் பாத்தா ஞாயம் சொல்லுத ஆளு மாதிரித்தான் இருக்கு. அதுவும் சந்தேகந்தான். ரொம்ப ஞாயமான மூஞ்சிய நான் நம்புதது இல்ல.

எம்பேரு சுயம்பு. காலேஜ்ல ரேடியோன்னு கூப்பிடுவானுவ. ஏன்னா எந்தக் குரலக் கேட்டாலும் எனக்கு வந்துரும். இருங்க, ஒண்ணு காட்டுதேன்.

"கோயில்பட்டி நிக்காது, சாத்தூர் நிக்காது, விருதுநகர் நிக்காது! கேட்டுட்டு ஏறு, ஏறிட்டுக் கேக்காத!"

பாத்தீங்களா? கண்டக்டர் சுத்திச் சுத்திப் பாக்குதாரு. தன் வாய்தான் தொறந்துச்சான்னு அவருக்கே சந்தேகம் வந்துட்டு. இசக்கி திரும்பலல்லா? நல்லது. நான் மெதுவாத்தான் போட்டேன்.

எங்களுக்குத் தூத்துக்குடிப் பக்கம். எங்கம்மா உப்பளத்துல உப்பு வாருதவ. எங்க வீட்டுல காலேஜ் வாசலப் பாத்த முதல் ஆளு நான்தான். எங்கள மாதிரி ஆளுகளுக்குன்னு யுனிவர்சிட்டிக்காரங்க ஒரு திட்டம் வச்சிருக்காங்க. கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துல தமிழ்ல படிச்சு, வீட்டுல யாரும் படிக்காம, இஞ்சினியரிங்ல வந்து முழிக்கோம்லா, எங்களக் கைதூக்கி விடவாம். பேரு என்ன தெரியுமா? ஏணி. ஏணித் திட்டம். பேரக் கேட்டதுமே எனக்குப் பொறி தட்டிருச்சு. ஏணின்னா என்ன அர்த்தம்? ஏறினதும் எடுத்துருவாங்கன்னு அர்த்தம்.

சிரிக்காதீங்க. அனுபவத்துல சொல்லுதேன். நான் எட்டாங்கிளாஸ் படிக்கும்போது உப்பளத்துக்கு ஒரு கூட்டம் வந்துச்சு. வெயில்ல உப்பு மின்னி மின்னி உங்க கண்ணு கெட்டுப் போவுதுன்னு சொல்லி எல்லாருக்கும் கறுப்புக் கண்ணாடி குடுத்தாங்க. எங்கம்மா போட்டுக்கிட்டு எப்படி நின்னா தெரியுமா! இடுப்புல கைய வச்சு, வெள்ளை வெளேர்னு உப்பு மேல. ஒரு ஆளு போட்டோ எடுத்தான். எடுத்து முடிச்சதும் அந்தக் கூட்டத்துல ஒரு அம்மா அட்டைப்பெட்டியத் தொறந்து நீட்டினாங்க. "கண்ணாடிய இதுல போட்டுருங்கம்மா. அடுத்த உப்பளத்துக்கு வேணும்."

இந்தக் குரல் இன்னைக்கும் எனக்கு அப்படியே வரும். தேன் மாதிரி இருக்கும். அதனாலதான் தேன் குரல் எங்க கேட்டாலும் நான் முழிச்சுக்கிடுவேன்.

ஏணிக்காரங்க கால்குலேட்டர் குடுத்தாங்க. எதுக்குச் சும்மா குடுக்கணும்? உள்ள ஏதாவது சிப்பு வச்சு நம்மள வேவு பாப்பாங்கன்னு கழட்டிப் பாத்தேன். சிப்பு இருந்துச்சு! என் ரூம்காரன் செல்வின் சொல்லுதான், "ஏல, சிப்பு இல்லாம கால்குலேட்டர் எப்படில கணக்குப் போடும்?" அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், அவனும் அவங்க ஆளுன்னு. பொறவு கால்குலேட்டர் வேல செய்யல. அதுவும் திட்டம் போட்டுச் செஞ்சதுதான்.

எங்க காலேஜ்ல ஏணிக்குப் பொறுப்பு கோமதிநாயகம் சார். பாவம், நல்ல மனுசன் மாதிரித்தான் இருப்பாரு. "அதாகப்பட்டது, ஸ்டூடண்ட்ஸ், அதாகப்பட்டது…" இதுதான் அவரு. ஒரு நாள் வராண்டாவுல நின்னு அவர் குரல்ல, "அதாகப்பட்டது, இன்னைக்கு லேப் கெடையாது" ன்னு விட்டேன். மொத்தக் கிளாஸும் கேன்டீனுக்கு ஓடிருச்சு. அவர் தனியா லேப்ல உக்காந்து, நம்ம எப்ப சொன்னோம்னு யோசிச்சுக்கிட்டு இருந்தாராம். ஹாஹா. மறுநா வந்து எங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாரு! "அதாகப்பட்டது, நான் சொன்னத நானே மறந்துட்டேன்." ஒரு வாத்தியாரு மாணவன்கிட்ட மன்னிப்புக் கேப்பாரா, அண்ணாச்சி? ஏதோ உள்நோக்கம் இருக்கு.

திட்டத்துல பெரிய விஷயம் சாயங்கால வகுப்பு. பகல்ல இங்கிலீஷ்ல போட்டுத் தாளிச்சதையெல்லாம் சாயங்காலம் தமிழ்ல உக்காந்து பேசணும். சொல்லிக் குடுக்கது ஜெசிந்தா அக்கா. நாலாம் வருஷம். மணப்பாட்டுப் பக்கம், கடக்கரைக்காரங்க. அவங்களும் ஏணியில ஏறி வந்தவங்கதானாம். "மக்கா, இன்டக்ரேஷன்னு பேரக் கேட்டுப் பயராதீங்க. எங்கப்பா வலையில கண்ணு எண்ணுத மாதிரித்தான்." இப்படித்தான் பேசுவாங்க.

அந்த அக்கா மேல எனக்கு இருந்த பெரிய சந்தேகம் என்னன்னா, "புரிஞ்சுதா"ன்னு கேக்கவே மாட்டாங்க. நம்ம பள்ளிக்கூடத்துல எப்படி? வாத்தியாரு "புரிஞ்சுதா?"ம்பாரு, நம்ம எல்லாரும் சேந்து "எஸ் சா…ர்!" போடுவோம். அதுதான மரியாத? புரிஞ்சா என்ன, புரியாட்டா என்ன, எஸ் சாரு. இந்த அக்கா அப்படிக் கேக்காது. சாக்பீஸக் கையில வச்சுக்கிட்டு, "எந்த எடத்துல புரியாமப் போச்சு?"ன்னு கேக்கும். எந்த எடம்னு நம்ம காட்டணுமாம்! யாராவது காட்டுவாங்களா? போலீஸ்காரன் கேக்குத கேள்வி அது. நான் ஒரு நாளும் காட்டல. எல்லா எடமும் புரிஞ்சுட்டுன்னேன்.

காட்டுனது இசக்கி ஒருத்திதான்.

அவ பேசுததப் பாக்கணும் நீங்க. உடனே பேச மாட்டா. முதல்ல மூச்ச இழுப்பா. கெணத்துல வாளி எறங்குத மாதிரி, அது பாட்டுக்குக் கீழ போயிக்கிட்டே இருக்கும். தண்ணியத் தொட்டுச்சோ இல்லியோன்னு நமக்கு இருக்கும். பொறவுதான் மொதச் சொல்லு மேல வரும், அதுவும் ரெண்டு தடவ வழுக்கி. பகல் கிளாஸ்ல அவ மூச்சு இழுக்க முன்னமே வாத்தியாரு அடுத்த ஆளுக்குப் போயிருவாரு. ஜெசிந்தா அக்கா போகாது. நிக்கும். ஃபேன் சத்தம் மட்டும் கேக்கும். எல்லாரும் சும்மா இருக்கணும். எனக்குக் கையும் ஓடாது, வாயும் ஓடாது. ஒருத்திக்காக எதுக்கு அவ்வளவு பொறுமை? நீங்களே சொல்லுங்க.

ஒரு நாள் கேட்டா, "அக்கா… வளைவுக்குக் கீழ உள்ள எடத்தக் கண்டுபிடிக்க… பட்டை பட்டையா வெட்டுதோம்லா. எவ்வளவு சின்னப் பட்டையா வெட்டுனா போதும்? எல போட்டு வெட்டும்போது… எப்பவும் ஓரம் கொஞ்சம் மிஞ்சும்லா?" அவ வீட்டுல பீடி சுத்துதாங்க. பீடி எலையச் சொல்லுதா. ஜெசிந்தா அக்கா சாக்பீஸக் கீழ போட்டுட்டு அவளக் கட்டிப் பிடிச்சிருச்சு. "மக்கா, இந்தக் கேள்விக்காகத்தான்டி நான் ஆறு நாளா காத்துக்கிட்டு இருக்கேன்" ன்னுச்சு. அதுக்கப்புறம் அந்த வகுப்பு முழுக்க ஓரம், மிச்சம், பட்டை. எனக்குத் தூக்கம்.

இசக்கிக்கு அந்த வகுப்பு உசுரு. அது எனக்கும் தெரியும், நான் என்ன கல்லா? ஏணியில ஒரு விதி இருக்கு. கணக்குப் பேப்பர்ல அரியர் விழுந்தா இலவச ஹாஸ்டல் கெடையாது. அவ ஊர்ல இருந்து காலையில காலேஜுக்கு வந்து சேர பஸ்ஸும் கெடையாது. அப்ப என்ன, வீடுதான். "எங்க வீட்டுல எனக்குன்னு ஒரு பீடித்தட்ட இன்னும் யாருக்கும் குடுக்காம வச்சிருக்காங்க" ன்னு செல்வின்கிட்ட ஒரு தடவ சொன்னாளாம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாளாம்.

சாத்தூர் போயிட்டா? இல்லியா? சரி. யுனிவர்சிட்டி விருதுநகர் தாண்டித்தான். வெளிய ஒரு கண்ணு வச்சுக்கிடுங்க.

இப்ப விஷயத்துக்கு வாறேன். ஒரு நாள் கோமதிநாயகம் சார் வந்து, "அதாகப்பட்டது, நாளைக்கு யுனிவர்சிட்டியில இருந்து வத்சலா மேடம் உங்ககிட்ட பேசுவாங்க. சாயங்கால வகுப்ப அடுத்த செமஸ்டர் நீட்டிக்கலாமா வேண்டாமான்னு உங்ககிட்டயே கேக்கப் போறாங்க" ன்னாரு. எனக்கு விளங்கிருச்சு. இது வடிகட்டுத வேல. எவன் "எனக்குப் புரியல, வகுப்பு வேணும்"னு வாயத் தொறக்கானோ அவன மண்டு லிஸ்ட்ல போட்டு வீட்டுக்கு அனுப்புவாங்க. அன்னைக்கு மெஸ்ல எல்லாரையும் கூட்டி வச்சுச் சொன்னேன். "மக்கா, எல்லாம் புரியுதுன்னு சொல்லுங்க. ஒருத்தனும் மாட்டிக்கிடாதீங்க."

எல்லாரும் தலையாட்டினானுவ. இசக்கி மட்டும் மூச்ச இழுத்தா. நாங்க இட்லியத் தின்னு முடிச்சோம். பொறவு சொன்னா, "கேக்கத்தான… வாறாங்க. கேட்டா சொல்லணும்லா?"

"ஏட்டி, நீ சொல்லு, பீடித்தட்டு ரெடியாத்தான இருக்கு" ன்னேன். சும்மா வெளாட்டுக்கு. அவ தட்டக் கழுவப் போயிட்டா. ஆனா மறுநாக் காலையில ஹாஸ்டல் தண்ணித் தொட்டிப் பக்கத்துல தனியா நின்னு வாய் அசைச்சுக்கிட்டு இருந்தா. ஒரே வரி. திருப்பித் திருப்பி. "வேணும் மேடம். வேணும் மேடம்."

திரையில மூஞ்சி தெரியுத மாதிரிதான் ஏற்பாடு. அன்னைக்குப் பாத்து நெட்டு படுத்துருச்சு. கடைசியில கோமதிநாயகம் சார் தன் ஃபோன ஸ்பீக்கர்ல போட்டு மேசை மேல வச்சாரு. வச்சுட்டு, "அதாகப்பட்டது, நாங்க இருந்தா நீங்க மனசு விட்டுப் பேச மாட்டீங்க" ன்னு சொல்லி ஜெசிந்தா அக்காவையும் கூட்டிக்கிட்டு வெளிய போயி கதவச் சாத்திட்டாரு. யோசிங்க. மூடின ரூம், மேசை மேல ஃபோனு, சுத்தி நாங்க. அந்தப் பக்கம் தேன் குரலு.

"கண்ணுங்களா, நாங்க பேச வரல. கேக்க வந்திருக்கோம். உங்க ஒவ்வொருத்தர் குரலும் எங்களுக்கு முக்கியம். பயப்படாம மனசுல இருக்கிறதச் சொல்லுங்க. முதல்ல, செல்வின்?"

அதே குரல், அண்ணாச்சி! அட்டைப்பெட்டியக் கொண்டாந்த அம்மா இல்ல, ஆனா அதே தேனு.

செல்வின் எந்திரிச்சான். வாய் தொறந்தான். காத்துதான் வந்துச்சு. "செல்வின் இருக்கீங்களா?"ங்குது ஃபோனு. அவன் வேர்த்துப்போய் என்னப் பாக்கான். கூட இருக்கவன் தவிக்கும்போது எப்படிச் சும்மா இருக்கது? அவன் கரகரத்த தொண்டையில நானே விட்டேன். "இருக்கேன் மேடம். வகுப்பு நல்லா இருந்துச்சு மேடம். இப்ப எல்லாம் புரியுது, தனியாச் சமாளிச்சுக்கிடுவோம் மேடம்."

"வெரி குட் செல்வின்!"

செல்வின் கையெடுத்துக் கும்பிடுதான். அடுத்த பேரு களக்காட்டுப் பையன். அவன் எந்திரிக்கவே இல்ல, என்னப் பாத்துக் கண்ணக் காட்டினான். கட்டைக் குரலுல போட்டேன். அடுத்து எஸ்டேட்டுல இருந்து வந்த பையன். மூக்கால பேசுவான். போட்டேன். அடுத்து ஒரு கீச்சுக்குரல்காரி, அவ கீச்சு அவளே மெச்சுத மாதிரி. பெஞ்சுக்கடியில தலைய விட்டுக்கிட்டுச் சிரிக்கானுவ. என் வாழ்க்கையிலேயே அந்த மாதிரி ஒரு கச்சேரி பண்ணினது இல்ல. ஒரு ஆளு, ஒரு தொண்ட, ஒரு ஹால் முழுக்க ஆளு!

"இசக்கியம்மாள்?"

அவ ஏற்கனவே எந்திரிச்சு நின்னுட்டா. மேசைப் பக்கத்துல போயி நின்னா. மூச்ச இழுக்கா. வாளி எறங்குது. எறங்குது. எறங்கிக்கிட்டே இருக்கு. "இசக்கியம்மாள், லைன்ல இருக்கீங்களா?"ங்குது ஃபோனு. இவ மட்டும் உளறினா, இவ்வளவு நேரம் நான் கட்டினதெல்லாம் போச்சு. இவளும் போச்சு. பீடித்தட்டு.

வாளி தண்ணியத் தொட முன்ன நான் முந்திட்டேன்.

"வணக்கம் மேடம். நான் இசக்கியம்மாள், மெக்கானிக்கல். வந்தப்ப எதுவும் தெரியாது மேடம். இப்ப தைரியம் வந்துட்டு. எங்களுக்கு வேண்டாம் மேடம், எங்களவிடக் கஷ்டப்படுதவங்களுக்குக் குடுங்க."

அந்தக் கடைசி வரி அந்த நேரத்துல எனக்கே எங்கிருந்தோ வந்துச்சு. அவ குரலுதான். ஆனா வழுக்கல் இல்லாம, எண்ணெ போட்ட மாதிரி. அவளே பேசியிருந்தாக்கூட இவ்வளவு நல்லா வந்திருக்காது. மேடம் உருகிட்டாங்க. "இந்தக் குரலுக்காகத்தான் இந்தத் திட்டத்தையே ஆரம்பிச்சோம்" ன்னாங்க. மூக்கு உறிஞ்சுத சத்தம்கூடக் கேட்டுச்சு.

இசக்கி வாயத் தொறந்தபடியே நிக்கா. ஃபோன் கட்டானதும் எல்லாரும் கையத் தட்டினானுவ, என்னத் தூக்காத குறை. அந்தச் சத்தத்துல அவ ஒண்ணு சொன்னா. எனக்கு மட்டும் கேட்டுச்சு.

"அது… நான் இல்லலா."

ஒரு நன்றி உண்டா? சரி, போவட்டும்.

அடுத்த வாரம் கோமதிநாயகம் சார் லட்டு டப்பாவோட வந்தாரு. "அதாகப்பட்டது, நம்ம காலேஜ்ல ஏணி முழு வெற்றி! அதாகப்பட்டது, நீங்களே பெருந்தன்மையாச் சொன்ன மாதிரி, சாயங்கால வகுப்ப இன்னொரு காலேஜுக்கு மாத்திட்டாங்க. ஜெசிந்தா இனிமே அங்க போவா." அவருக்குக் கண்ணு கலங்கியிருந்துச்சு, சந்தோசத்துல. ஜெசிந்தா அக்கா பின்னால நின்னுச்சு. ஒவ்வொரு மூஞ்சியா பாத்துச்சு. "எல்லாரும் வேண்டாம்னா சொன்னீங்க, மக்கா? எல்லாருமா?" ன்னு கேட்டுச்சு. நாங்க லட்டுத் தின்னோம்.

நான் செல்வின விலாவுல இடிச்சேன். "சொன்னேம்லா? அடுத்த உப்பளத்துக்கு வேணுமாம். எடுத்துட்டாங்க பாத்தியா?" அவன் என்ன ஒரு மாதிரி பாத்தான். நான் முதல் நாள்லயே கண்டுபிடிச்சத இவனுவளால கடைசி நாள்லகூடக் கண்டுபிடிக்க முடியல.

பொறவு இன்டர்னல் பரீட்சை வந்துச்சு. கணக்குல மொத்தக் கூட்டத்துக்கும் அடி. இசக்கிக்கு ரொம்ப அடி. எனக்கு எவ்வளவா? அத விடுங்க. பேப்பர் திருத்தினவர் மேல எனக்குச் சந்தேகம் இருக்கு.

ஜெசிந்தா அக்கா மேடம் ரூம் லேண்ட்லைன் நம்பர இசக்கிக்குக் குடுத்திருக்கு. "நீயே பேசு, உன்ன அவங்களுக்குப் பிடிச்சிருக்கு" ன்னு சொல்லியிருக்கு. லைப்ரரிக்குப் பின்னால வேப்பமரத்தடியில நின்னு இசக்கி ஸ்பீக்கர்ல ஃபோன் போட்டா. நான் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்னேன். ஒட்டுக் கேக்கல, காதுல விழுந்துச்சு.

"மேடம்… நா… நான் இசக்கியம்மாள்…"

"யாரு?"

"இ… இசக்கி…"

"யாரும்மா நீ? இசக்கியம்மாள் குரல் எனக்கு நல்லாத் தெரியும். அடுத்தவங்க பேரச் சொல்லி இப்படி வெளாடுறது தப்பு. வைம்மா."

எனக்கு உள்ளுக்குள்ள எப்படி இருந்துச்சு தெரியுமா? தப்பா நினைக்காதீங்க, பெருமையாத்தான் இருந்துச்சு. அசலவிட நம்ம சரக்கு நிக்குதுல்லா!

மறுநா வொர்க்‌ஷாப் வாசல்ல இசக்கி எனக்கு நேரா வந்து நின்னா. அன்னைக்குக் கச்சேரிக்கு அப்புறம் அவ எங்கிட்ட ஒரு சொல்லு பேசினது இல்ல. மூச்ச இழுத்தா. நான் காத்துக்கிட்டு நின்னேன், வேற வழி?

"ஏல சுயம்பு. எங்குரல்… உங்கிட்டதான இருக்கு. நீயே பேசு. நான் சொல்லச் சொல்லச் சொல்லணும். ஒரு வார்த்தகூட… சேக்கக் கூடாது."

"தேனாப் பேசிருவோம்" ன்னேன்.

"தேன் வேண்டாம். நான் சொல்லுதது போதும்."

ஃபோன ஸ்பீக்கர்ல போட்டு ரெண்டு பேருக்கும் நடுவுல பிடிச்சுக்கிட்டா. மேடம் எடுத்தாங்க. நான் "மேடம், இசக்கியம்மாள் பேசுதேன்" ன்னேன். அவ்வளவுதான், அந்தப் பக்கம் ஒரே குதூகலம். "வா கண்ணா! எப்படி இருக்க? நேத்து ஒரு பொண்ணு உன் பேர்ல ஃபோன் பண்ணுச்சு, திக்கித் திக்கி. நான் அதட்டி வச்சுட்டேன். உன் பேர யாரும் கெடுக்க விடமாட்டேன், சரியா?"

நான் இசக்கியப் பாக்கவே இல்ல. பாத்தா சிரிப்பு வந்துரும்னு பாக்கல. அவ காதுப் பக்கத்துல முணுமுணுத்தா, நான் அப்படியே சொன்னேன். "மேடம், எங்களுக்கு அந்த வகுப்பு திரும்ப வேணும். இன்டக்ரேஷன் புரியல. செமஸ்டர் பரீட்சைக்கு முன்ன ஜெசிந்தா அக்காவ அனுப்புங்க. நான் ஃபெயிலானா வீட்டுக்குப் போகணும்." ஒரு வார்த்த சேக்கல, சத்தியமா. அதுவும் எனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா?

மேடம் சிரிச்சாங்க. "அடடா, பரீட்சை பயம்! இவ்வளவு தெளிவா, இவ்வளவு தைரியமாப் பேசுற பொண்ணுக்கு எதுக்கும்மா தனி வகுப்பு? உன் குரலே சொல்லுதே, உனக்கு எல்லாம் வரும்னு. நீ எங்களுக்கு உதாரணம், தெரியுமா?"

அப்பதான் அவ மூச்ச இழுத்தா. நான் கேட்டேன், வாளி எறங்குதது. ஃபோனத் தன் வாய்ப் பக்கம் இழுத்தா. வந்துச்சு.

"வே… வேணும் மேடம்!"

மேடம் சிரிப்ப நிறுத்திட்டாங்க. "யாரது நடுவுல?"

இசக்கி என்னப் பாத்தா. நான் அவளப் பாத்தேன். மேடம் திருப்பிக் கேக்காங்க, "இசக்கியம்மாள், பக்கத்துல யாரு?"

நான் சொன்னேன். "யாரும் இல்ல மேடம்."

அப்படிப் பாக்காதீங்க, அண்ணாச்சி. வேற என்ன சொல்லச் சொல்லுதீங்க? ரெண்டு இசக்கி இருக்கான்னு தெரிஞ்சா ரெண்டு பேரையும்லா ஏணியில இருந்து தூக்குவாங்க. நான் காப்பாத்தினேன். அவளையுந்தான். இந்த ஊரு உலகத்துல ஒருத்தனுக்கும் காப்பாத்துதவன் மதிப்பு தெரியாது.

அவ அழலாம்ல, திட்டலாம்ல? எதுவும் செய்யல. ஃபோன துப்பட்டாவுல தொடச்சா. நல்லாத் தொடச்சா, முன்னயும் பின்னயும். பையில போட்டுக்கிட்டுப் போயிட்டா.

இன்னைக்குக் காலையில பாத்தா, பையத் தோள்ல மாட்டிக்கிட்டுக் காலேஜ் வாசல்ல பஸ் ஏறுதா. செல்வின்தான் சொன்னான், யுனிவர்சிட்டிக்கு நேர்லயே போறாளாம். மேடம் ரூமுக்கே. அவங்க முன்னால நின்னு, தன் வாயாலயே கேக்கப் போறாளாம். நேர்ல போனா மட்டும் பேச்சு வந்துருமா? மேடம் என்ன ஜெசிந்தா அக்காவா, வாளி எறங்கி ஏறுத வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க? அதான் பின்னாலயே நானும் ஏறிட்டேன். எங்கிட்ட ஒரு திட்டம் இருக்கு. மேடம் ரூமுக்கு சன்னல் இருக்கும்லா, நான் அதுக்கடியில உக்காந்துக்கிடுவேன். அவ வாயத் தொறந்ததும் நான் எடுத்து விடுவேன். அவ வாய் மட்டும் அசைச்சா போதும். எப்படி?

ஏன் தலைய அப்படி ஆட்டுதீங்க? ஆமாங்கீங்களா, இல்லைங்கீங்களா?

இருங்க. இருங்க, அவ எந்திரிச்சுட்டா. அந்தா, யுனிவர்சிட்டி வளைவு தெரியுது பாருங்க. கண்டக்டர் என்ன சொல்லுதாரு? "இது பைபாஸ் ரைடரும்மா, இங்க நிக்காது. நேரா மதுரதான். ஏறும்போதே சொன்னேம்லா." போச்சு. அவ மூச்ச இழுத்து முடிக்க முன்ன வண்டி மதுரைக்கே போயிரும். சரி, நம்ம கண்டக்டர் குரல ஒண்ணு விடுவோம், டிரைவர் பிரேக்கப் போட்டுருவாரு. தொண்டையச் சரி பண்ணிக்கிடுதேன்…

"நிறுத்துங்க!"

நான் இல்ல! அண்ணாச்சி, நான் வாயே தொறக்கல!

"வண்டிய நிறுத்துங்கண்ணே! நான் இங்கதான் எறங்கணும். மதுரையில எனக்கு ஒரு வேலையும் இல்ல. நிறுத்துங்கங்கேன்லா!"

பிரேக்கப் போட்டுட்டாரே. பஸ் மொத்தமும் அவளத்தான் பாக்குது. கண்டக்டர் விசில வாயில வச்சுக்கிட்டு ஊதாம நிக்காரு. எறங்குதா. நானும் எறங்கணும், கொஞ்சம் வழி விடுங்க, அந்தப் பைய…

"ஏல சுயம்பு! நீ எறங்காத."

எனக்கா சொன்னா? திரும்பக்கூட இல்லியே. படியில நின்னு, ரோட்டப் பாத்துக்கிட்டே சொல்லுதா. எப்பத் தெரிஞ்சுச்சு இவளுக்கு? நீங்க ஏதாவது ஜாடை காட்டுனீங்களா?

வண்டிய எடுத்துட்டான். அந்தா நடந்து போறா. பைய ஒரு தோள்ல இருந்து மறு தோளுக்கு மாத்திக்கிட்டா. வளைவுக்குள்ள போயிட்டா.

அது இசக்கி குரல் இல்ல, அண்ணாச்சி. நான் சொல்லுதேன், எழுதி வச்சுக்கிடுங்க. அவ குரல் எனக்குத் தெரியாதா? அவளவிட எனக்குத்தான் நல்லாத் தெரியும். இழுப்பும் இல்ல, வழுக்கலும் இல்ல, ஆனா நான் போடுத மாதிரித் தேனும் இல்ல. இது வேற. இருங்க, செஞ்சு காட்டுதேன்.

"நிறுத்து…" ச்சே.

"வண்டிய நி…" இல்ல. இப்படி இல்ல.

பஸ் தூசி. தொண்ட கட்டிருச்சு. சன்னலச் சாத்துங்க.

யாரோ அவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. சும்மா வராது அப்படி ஒரு குரலு. ஜெசிந்தா அக்கா இல்ல, அது சாயங்காலமானா அடுத்த காலேஜுக்குப் போயிருது. செல்வினுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கெடையாது. யாருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன். அண்ணாச்சி, நீங்க எந்த ஊருன்னு சொன்னீங்க? சொல்லவே இல்லியே. நான் ஏறினதுல இருந்து ஒரு சொல்லும் பேசாம, தலைய மட்டும் ஆட்டிக்கிட்டு, கேட்டுக்கிட்டே வாறீங்க… நீங்கதானா?